மூடியில் மட்டும் எழுதியிருந்தது

“மூடியில என்ன எழுதியிருக்குன்னு நான் கேக்கல. உள்ள என்ன இருக்குன்னு கேக்கறேன்.”

“அப்பாதான் இருக்கார். வேற யார் இருப்பாங்க?”

“தொறந்து பாத்தியா?”

“எதுக்குக்கா தொறக்கணும்? ரெண்டரை மணிக்குப் படகு. அம்மா தலை வாரிட்டு இருக்காங்க. அங்க போய்த்தான் தொறக்கப்போறோம்.”

“டேய், நடுவுல பேசாமக் கேளு. நான் கடையில பின்னறையில நிக்கறேன். என் முன்னாடி கல்பொடி டப்பா இருக்கு. மூடியில அப்பா கையெழுத்துல ‘கல்பொடி, நைஸ்’னு எழுதியிருக்கு. இப்ப கரண்டியால அள்ளும்போது உள்ளேர்ந்து ஒரு நீல அட்டை வந்துது. நூத்திப்பதினேழு.”

லாட்ஜின் நடைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்த நான் சுவரில் சாய்ந்தேன்.

அந்த அட்டையை டப்பாவுக்குள் போட்டது நான்தான். மூன்று நாளைக்கு முன், கிளம்பிய அன்று காலையில், யாரிடமும் சொல்லாமல், ஓரமாகச் செருகிக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குத் தள்ளிவிட்டேன். அப்பாவின் சாம்பலோடு இந்த ஏரிக்குள் போக வேண்டிய அட்டை அது. இரண்டு நாள் பயணத் தூரத்தில் அது என் அக்காவின் கையில் இருக்கிறதென்றால், இங்கே அறைக்குள் ஜன்னலோர நாற்காலியில் அம்மா உட்கார்த்தி வைத்திருக்கும் டப்பாவில் இருப்பது அப்பா இல்லை.

“இருக்கியா?” என்றாள் அக்கா.

“இருக்கேன். எவ்வளவு அள்ளினே?”

“இன்னிக்கு ஒண்ணும் இல்ல. அட்டையப் பாத்ததும் நிறுத்திட்டேன்.”

“நேத்து?”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“நேத்து பாதி. பல் டாக்டர் கிளினிக்குக்கு. நோயாளிங்க காத்திருக்கற ரூம்ல வாசலுக்கு எதிர்ச் சுவர். முதல் கோட் நேத்தே அடிச்சாச்சு.”

எங்களுடையது பெயிண்ட் கடை. அப்பா அதில் முப்பத்தோரு வருஷம் நிறம் கலந்தார். எங்களுக்கும் அந்தக் கணக்கில்தான் பெயர் வைத்திருந்தார். மூத்தவள் என்பதால் அக்கா ‘ப்ரைமர்’. நான் ‘செகண்ட் கோட்’. பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

சுவர் கருங்கல் போலத் தெரிய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு வெறும் பெயிண்டில் கல்பொடியைக் கலந்து கொடுப்போம். கல்பொடியோ, வேறு பொடியோ, எல்லாம் நாலு லிட்டர் தகர டப்பாக்களில்தான் இருக்கும். எல்லா டப்பாவும் ஒரே அளவு, ஒரே வெள்ளித் தோற்றம். பக்கவாட்டில் பெயிண்ட் வழிந்து எழுத்தை அழித்துவிடும் என்பதால் எங்கள் கடையில் மூடியில் மட்டுமே எழுதுவோம். திறந்த மூடியைக் கவிழ்த்து வைக்கவும் கூடாது. உள்பக்கத்து ஈரம் மேஜையில் ஒட்டும். எழுத்து இருக்கும் பக்கம் கீழே போகும்படிதான் வைக்க வேண்டும். அதனால்தான் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒரு மூடி திறந்திருக்கும்போது இன்னொரு மூடியைத் தொடக் கூடாது. கடையே தீப்பிடித்து எரிந்தாலும், முதலில் இதை மூடிவிட்டுத்தான் தண்ணீர் டப்பாவைத் திறக்க வேண்டும் என்பார்.

தகனம் செய்த இடத்தில் சாம்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அம்மா அதைப் பார்த்த பார்வையிலேயே அது நிராகரிக்கப்பட்டுவிட்டது. “ரெண்டு நாள் பயணம். இது நைஞ்சு போகும். நம்ம டப்பாவுலயே கொண்டுபோவோம், காத்துகூட நுழையாது,” என்றாள். புது டப்பாவில் மாற்றி, அப்பாவின் கறுப்புப் பேனாவால் மூடியில் எழுதினேன்: ‘அப்பா 2.400’. எடை போடாமல் எதையும் டப்பாவில் அடைப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

கிளம்பிய அன்று காலை அட்டையைப் போடுவதற்காகப் பின்னறை மேஜையில் அப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் அக்கா பல் டாக்டர் ஆர்டருக்காகக் கல்பொடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒருவர் மூடியை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் மூடவில்லை. அட்டையைத் தள்ளியதும் விரலில் ஒட்டியதைக் கழுவப் போனேன். நான் வருவதற்குள் அவள் தராசில் ஏதோ வைத்து எடுத்து, டப்பாக்களை இப்படியும் அப்படியும் நகர்த்தியிருக்கிறாள். திரும்பி வந்து ‘அப்பா’ என்று எழுதிய மூடியைத் தேடி எடுத்து, என் முன்னால் இருந்த டப்பாவில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மூடினேன்.

“உனக்கு வித்தியாசமே தெரியலையா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் பொரபொரன்னு இருந்துது. புது மூட்டை, சரியா சலிக்கலன்னு நெனச்சேன். பெயிண்டர் வேற, இந்தத் தடவை சுவத்துல நல்லாப் பிடிக்குதுக்கான்னு பாராட்டினார்.” சிரிப்பதா அழுவதா என்று அவள் குரலுக்கே தெரியவில்லை. “பல் டாக்டர்டா. போயும் போயும்.”

அப்பா பல் டாக்டர் என்றாலே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற ஆள். பதினொரு வருஷம் இடது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினார்.

“கேளு,” என்றாள் அக்கா. “அம்மாகிட்ட சொல்லாத. அவங்க நிம்மதியாத் தூவிட்டு வரட்டும். மிச்சம் பாதி இங்க இருக்கு. பனி உருகினதும் நீயும் நானும் போய்த் தூவிடலாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

“அம்மா டப்பாவத் தொறந்து கைய விடப்போறாங்க. முப்பது வருஷம் கல்லாவுல உக்காந்தவங்க. பொடிய விரல்ல வச்சே எந்த மூட்டைன்னு சொல்றவங்க.”

“அழும்போது யாரு விரலப் பாப்பா? நீ தூவிடு. அவங்க கையில குடுக்காத.”

“நீ வந்து குடுக்காம இரு, பாப்போம்.”

“எனக்கு இங்க வேற வேலை இருக்கு. பெயிண்டர் மூணு மணிக்கு ரெண்டாவது கோட் ஆரம்பிக்கறார். நான் போய் என்ன சொல்லி நிறுத்தட்டும்? எங்கப்பாவ மூடாதீங்கன்னா?”

அம்மா அறையிலிருந்து கூப்பிட்டாள். போனை அணைத்தேன்.

அவள் அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். கை நீளம் என்பதால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். பிளாஸ்டர் ஒட்டிய கைப்பிடி கொண்ட மூடி திறக்கும் கம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் அப்பாவுடையதுதான்.

“யாரு, ப்ரைமரா? என்னவாம்?”

“சும்மா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா.”

“அவ வாழ்க்கையில அப்படிக் கேட்டதே இல்லையே,” என்றாள் அம்மா.

பையைக் கீழே கொண்டுபோவதாகச் சொல்லி டப்பாவையும் சேர்த்து எடுத்தேன். “பாத்துத் தூக்கு. அவருக்கு ஆட்டினாப் பிடிக்காது,” என்றாள்.

வரவேற்பில் பயணிகளின் பெட்டிகளை எடை போட ஒரு தராசு இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தன் நகத்திலிருந்து கண்ணெடுக்காமல் “பெட்டிய வைங்க,” என்றாள். டப்பாவை வைத்தேன். மூன்று கிலோ நூற்றைம்பது. காலி டப்பா முந்நூற்றைம்பது என்பது எங்கள் வீட்டில் மனப்பாடம். மிச்சம் இரண்டு கிலோ எண்ணூறு. மூடியில் 2.400 என்று என் கையெழுத்து.

ரயிலிலும் பேருந்திலும் இந்தப் பை தோளை அறுத்துக்கொண்டே வந்தது. துக்கம் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். நானூறு கிராம் அதிகம் என்று தோன்றவே இல்லை.

“உள்ள என்ன, பெயிண்டா?” என்றாள் அந்தப் பெண்.

“பெயிண்டுல கலக்கறது.”

“கசியாதுல்ல?”

“கசியாது,” என்றேன்.

படகுத்துறைக்குப் பத்து நிமிட நடை. டப்பாவைத் தான்தான் சுமப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கூரை சரிந்த வீடுகள். சுற்றுலாக் காலத்தின் கடைசி வாரம் என்பதால் பாதிக் கடைகள் பலகை வைத்து மூடியிருந்தன. ஒரு ஆள் ஏணியில் ஏறி விளக்குச் சரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எந்த இடத்தில் சொல்லலாம் என்பதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. அந்தப் பெஞ்சு வரட்டும், சொல்லிவிடலாம். பெஞ்சு வந்தது, போயிற்று. அந்தத் தபால்பெட்டி.

தெரு முடிந்து சரிவு இறங்கும் இடத்தில் ஏரி முழுதாகத் தெரிந்தது. அம்மா நின்றுவிட்டாள்.

நூற்றுப்பதினேழு என்பது எங்கள் கடை நிற அட்டைத் தொகுப்பில் இருபத்தாறாம் பக்கம். அந்தப் பக்கத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு இந்த ஏரியின் படம் உண்டு. பாலில் நீலத்தைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். அப்பா அதை ஆயிரம் தடவையாவது கலந்திருப்பார், ஆனால் நம்பியதில்லை. “தண்ணி இப்படி இருக்காது. இது அச்சாபீஸ்காரன் பண்ண வேலை,” என்பார். அம்மா இருக்கும் என்பாள். கடை வைத்த வருஷத்தில் தொடங்கிய சண்டை. கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒரு வாரம் போய்ப் பார்த்து, யார் சொன்னது சரி என்று தீர்த்துவிடலாம் என்று பேச்சு. தேதிகூடக் குறித்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவருக்கு மூச்சு நின்றது.

அம்மா டப்பாவை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, ஏரியைப் பார்த்துத் திருப்பினாள்.

“பாத்துக்கோங்க,” என்றாள் மெதுவாக. “நல்லாப் பாத்துக்கோங்க. நூத்திப்பதினேழேதான். ஒரு சொட்டு வெள்ளை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தோத்துட்டீங்க.”

பிறகு மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். ஏதோ முணுமுணுத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. என் பையில் போன் இரண்டு தடவை நடுங்கியது.

அக்கா எழுதியிருந்தாள்: ‘சொல்லிட்டியா?’ அடுத்தது: ‘சொல்லாத.’

படகுக்காரர் காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பயணிகள். அவர் டப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கேள்வி எதுவும் கேட்காமல் நடுப்பலகையைத் துடைத்துக் கொடுத்தார்.

“இன்னிக்கு விட்டா மறுபடி பனி உருகினப்புறம்தாம்மா. நாளைக்குக் காலையில எல்லாப் படகையும் கரையேத்திடுவோம்,” என்றார். “நாலு மணிக்குக் காத்து எழும்பும். அதுக்குள்ள திரும்பிடணும். நடுவுல அரை மணி நேரம் நிக்கலாம்.”

“அது போதும் தம்பி. அவர் ரொம்பப் பேசற ஆளில்ல,” என்றாள் அம்மா.

கரை விலகியது. மலைகளின் மேல்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி கறுப்பாகவும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. படகு கிழித்த கோட்டிலும் அதே நிறம், ஆழத்திலும் அதே நிறம். அம்மா விளிம்பில் குனிந்து கையை நனைத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் வந்த தண்ணீரில் நிறம் இல்லை.

“எப்படித் தம்பி இந்த நிறம் வருது? நாங்க நிறம் கலக்கறவங்க. இதுல என்ன கலந்திருக்கு?”

“கல்லுதாம்மா. மேல மலையில பனிப்பாறை நகரும்போது அடியில இருக்கற பாறைய மாவு மாதிரி அரைச்சுடும். அந்த மாவு தண்ணியில கரையாம, அடியிலயும் தங்காம மிதந்துட்டே இருக்கும். வெயில் பட்டா இந்த நிறம்.”

“கல்பொடியா?”

“கல்பொடின்னே வச்சுக்கோங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “கேட்டியா? முப்பது வருஷம் இவர் தப்பான சாமானப் போட்டுக் கலக்கியிருக்கார். நம்ம கடையில மூட்டை மூட்டையா இருக்கே.”

சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். அவள் என் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

“ஏன் இப்படி வேர்க்குது உனக்கு, இந்தக் குளிர்ல?”

“படகுன்னா எனக்கு ஒத்துக்காதும்மா.”

“நீ இதுக்கு முன்னாடி படகுல ஏறினதே இல்லையே.”

போன் நடுங்கியது. எடுக்கவில்லை. மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று அவ்வளவு அமைதி வந்தது. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் ஓசைகூடப் பெரிதாகக் கேட்டது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து கம்பியை எடுத்தாள்.

“அம்மா, என்கிட்ட குடு. நான் தூவறேன். நீ பாத்துட்டே இரு.”

“ஏன்?”

“உன் கை நடுங்குது.”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை. “உன் கைய நீட்டு,” என்றாள். நான் நீட்டவில்லை.

மூடியின் விளிம்பில் நாலு இடத்தில் கம்பியைக் கொடுத்து, நெம்பாமல், கடையில் செய்கிற மாதிரியே சுற்றிச்சுற்றித் தளர்த்தினாள். மூடி மெல்லிய சத்தத்தோடு விட்டது. அதை மல்லாத்திப் பலகையில் வைத்தாள், எழுத்து கீழே போகும்படி. உள்ளே மெல்லிய பழுப்பு கலந்த வெளிர் நிறத்தில் பொடி. முகம் பார்க்கலாம் போல மேல்தளம் சமமாக இருந்தது. இரண்டு நாள் குலுங்கியதில் கல்பொடி அப்படித்தான் படியும்.

அம்மா வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பிடி அள்ளித் தண்ணீருக்கு மேல் கையை நீட்டினாள்.

கை அங்கேயே நின்றது.

விரல்கள் இறுக மூடியிருந்தன. கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் மெதுவாக, மிக மெதுவாக ஒரு தடவை முன்னும் பின்னும் நகர்ந்தது. கல்லாவில் உட்கார்ந்து மூட்டைக்காரனிடம் பேரம் பேசும்போது நகர்கிற அதே நகர்வு. அவள் கண்ணைத் திறக்கவில்லை. காத்திருக்கிறாள் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியவில்லை. ஒருவேளை அப்பாவிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். இன்னும் ஒரு நொடி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விரல் விரியும், பொடி இறங்கும், தண்ணீரில் நிறத்தோடு நிறமாகப் போய்விடும். அக்கா சொன்னது நடந்துவிடும்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“விடு,” என்றாள்.

“அம்மா, அது அப்பா இல்ல.”

கயிற்றோடு இருந்த படகுக்காரரின் கை நின்றது.

அம்மா கண்ணைத் திறந்து கையை உள்ளே இழுத்துக்கொண்டு விரல்களை விரித்தாள். “நானும் அதத்தான் பாத்துட்டு இருக்கேன்,” என்றாள். “இவ்வளவு நைசா அவர் ஒருநாளும் இருந்ததில்லையே.”

அந்தப் பிடியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். ஸ்வெட்டரில் துடைக்காமல், கையைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க இருக்கார்?”

சொன்னேன். பாதி கடையில், பாதி சுவரில். பல் டாக்டர் என்ற சொல் வந்தபோது அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்று நினைத்தேன். இல்லை.

“ரெண்டு மூடிய யாரு ஒரே நேரத்துல தொறந்தது?”

“நான் ஒண்ணு தொறந்தேன்.”

“இன்னொண்ணு?”

“ஏற்கெனவே தொறந்திருந்துது. அக்கா.”

“ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னீங்க. ரெண்டு பேருக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“அவர் போய் ரெண்டு மாசம்கூட ஆகல.” குரல் உயரவே இல்லை. “சரி. அது கை தவறுதல். இதச் சொல்லு. உனக்கு எப்பத் தெரியும்?”

“அம்மா...”

“லாட்ஜுலயே தெரியுமா?”

தலையாட்டினேன்.

“அப்ப, மேட்டுல நின்னு நான் பேசினப்ப.”

ஏரியைப் பார்த்தேன்.

“முப்பத்தஞ்சு வருஷமா அவர்கிட்ட சொல்லாத ஒண்ண அங்க நின்னு சொன்னேன். மூட்டைக் கல்லுகிட்ட சொல்லியிருக்கேன். நீ பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்திருக்கே.” அவள் மூடியை எடுத்தாள். அதில் என் கையெழுத்தைப் படித்தாள். “நிறுத்தாம விட்டியே, அதத்தான் என்னால தாங்க முடியல. என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டியே.”

போன் மறுபடி நடுங்கியது. நிற்கவில்லை. அம்மா பொடி படியாத இடது கையை நீட்டினாள். கொடுத்தேன்.

“டேய், பெயிண்டர் வந்துட்டார்,” என்று அக்காவின் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு வந்தது. “ரோலர நனைச்சுட்டார். நான் சுவத்துக்கு முன்னாடி நிக்கறேன், எல்லாரும் என்னப் பாக்கறாங்க. சீக்கிரம் சொல்லு, அம்மா தூவிட்டாங்களா?”

“நான்தான் பேசறேன்,” என்றாள் அம்மா.

பல்லைக் குடையும் எந்திரத்தின் ஓசை மட்டும் எங்கோ உள்ளறையிலிருந்து மெல்லியதாக வந்தது. அம்மா அதைக் கவனித்துக் கேட்டாள்.

“அம்மா,” என்றாள் அக்கா. “அம்மா, நான்...”

“அழறத அப்புறம் வச்சுக்கோ. சுவர் என்ன நிறத்துல இருக்கு?”

“என்ன?”

“அவரக் கலந்து அடிச்ச சுவர் காஞ்சப்புறம் என்ன நிறத்துல வந்திருக்குன்னு கேக்கறேன்.”

அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்திருப்பாள்.

“நாப்பத்தி ரெண்டு மாதிரி. ஆனா அதவிடக் கொஞ்சம் சூடா. வெயில் வர்ற பக்கம் லேசாப் பளபளங்குது. நல்லா வந்திருக்கும்மா. அதான் கொடுமையா இருக்கு.”

“இன்னிக்குப் பூசறது?”

“கண்ணாடி மாதிரி ஒரு பாலிஷ் கோட். அதுக்கு மேல டாக்டர் பெரிய பல் படம் ஒண்ணு மாட்டப்போறாங்க.”

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துத் தண்ணீரைப் பார்த்தாள். கரைப்பக்கமிருந்து முதல் காற்று வந்து ஏரியின் தோலைச் சுருக்கியது. படகுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, எஞ்சினைக் காட்டி, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பது போல விரலை மடக்கினார்.

“பெயிண்டர ரோலரக் கீழ வைக்கச் சொல்லு,” என்றாள் அம்மா போனில். “டாக்டர் இருக்காங்களா?”

“உள்ள ஒருத்தருக்குப் பல்லு எடுத்துட்டு இருக்காங்க.”

“கூப்பிடு.”

“அம்மா, பாதியில எப்படி...”

“கூப்பிடுன்னா கூப்பிடு.”

மடியில் டப்பா திறந்தபடி இருந்தது. காற்று வந்து மேல்தளத்திலிருந்து ஒரு சிட்டிகையைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோயிற்று. அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் மூடியை எடுத்து டப்பாவின் மேல் வைக்கப் போனேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துப் பக்கத்தைத் தன் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். எந்திர ஓசை நின்றது. செருப்புச் சத்தம். யாரோ கையுறையைக் கழற்றுகிற சத்தம். ஒரு பெண் குரல் “சொல்லுங்க” என்றது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்லாவில் புது வாடிக்கையாளரிடம் பேசும்போது வருகிற குரல் வந்தது.

“டாக்டர், நான் பெயிண்ட் கடைக்காரங்க வீட்டம்மா பேசறேன். ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு, எங்க பசங்க கையால. உங்க எதிர்ச் சுவத்துல என் வீட்டுக்காரர் இருக்கார். பயந்துடாதீங்க, என் பொண்ணு எல்லாத்தையும் விவரமாச் சொல்லுவா. சுவர இடிக்கச் சொல்லல, சுரண்டச் சொல்லல. அவர் உயிரோட இருந்தவரைக்கும் உங்க வாசப்படி மிதிக்காத மனுஷன், இப்ப வந்து உக்காந்துட்டார். நான் இங்க ஒரு ஏரி நடுவுல இருக்கேன், நாளன்னிக்குச் சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்துடுவேன். அதுவரைக்கும் அந்த ரெண்டாவது கோட்ட மட்டும் நிறுத்தி வைங்க டாக்டர். நான் வந்து அந்தச் சுவத்துப் பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன், அவர்கிட்ட ஒண்ணு மறுபடி சொல்லணும்.”